தீர்ப்புக்குப் பிறகு 30 நாள்
(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் மடலில் வெளியிடப்படுகிறது.)



தண்ணீர் லாரி, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் என்று பேசி முடித்த பிறகு என்னை ஒரு பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு, தீ வைத்த வழக்கில் தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்வது. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் வக்கீல் இல்லை. நீதிமன்ற அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். கட்டுகளைத் தூக்கியவன், நகல் கொடுத்தவன், கடைசி நாளில் ஓடி வருபவர்களைப் பார்த்தவன். அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

நம் குடியிருப்பில் நாலைந்து வீடுகளில் வேலை செய்யும் ஒரு அம்மா, இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெயர் வேண்டாம், பலருக்கும் தெரியும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் தீர்ப்பு நகல். அவருடைய மகன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. 2021-இல் நம் மெயின் ரோட்டில் இட்லிக் கடை போட்டிருந்தவரின் தள்ளுவண்டி ஒரு இரவு எரிந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்கில் மாஜிஸ்திரேட் கோர்ட் அந்தப் பையனைக் குற்றவாளி என்று சொல்லி இரண்டு வருடம் தண்டனையும் அபராதமும் விதித்துவிட்டது.

"எப்போ தீர்ப்பு வந்தது?" என்று கேட்டேன்.

"அது ஆச்சு ஐயா, மூணு நாலு வாரம். அன்னிக்கே ஜாமீன் குடுத்து அனுப்பிட்டாங்க. கேஸ் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சோம். இப்ப கூட வேலை செய்யற பையன் ஒருத்தன் சொல்றான், உள்ள போகணும்னு."

நகலில் தேதியைப் பார்த்தேன். அன்று 27-ஆவது நாள்.

இந்த இடத்தில்தான் எத்தனையோ குடும்பங்கள் ஏமாந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு மேற்படாத தண்டனை, விசாரணை முழுக்க ஜாமீனில் இருந்தவர் என்றால், மேல்முறையீடு செய்யப்போகிறேன் என்று சொன்னால், தண்டனை கொடுத்த கோர்ட்டே அதை நிறுத்தி வைத்து ஜாமீனில் விடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 389-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 430-ஆவது பிரிவு. அது விடுதலை இல்லை. மேல் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்வதற்குக் கொடுத்த அவகாசம், அவ்வளவுதான். நிறுத்தி வைக்கப்படுவது தண்டனை மட்டும். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது.

அவகாசம் எவ்வளவு? மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனைக்கு செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு, 30 நாள். செஷன்ஸ் கோர்ட் கொடுத்த தண்டனைக்கு உயர் நீதிமன்றத்தில், 60 நாள். மரண தண்டனை என்றால் உயர் நீதிமன்றத்துக்கு 30 நாள்தான். மரண தண்டனையை மட்டும், மேல்முறையீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். நாள் கடந்துவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனியாக மனுப் போட்டு, அதை ஏற்கும்படி கேட்க வேண்டும். ஏற்பதும் ஏற்காததும் நீதிபதியின் முடிவு.

தீ வைத்த வழக்கு எந்த கோர்ட்டில் நடக்கும் என்பதும் எரிந்தது எது என்பதைப் பொறுத்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 435-ஆவது பிரிவு பொருளுக்கு வைத்த தீ. ஏழு வருடம் வரை தண்டனை. 436-ஆவது பிரிவு மனிதர்கள் குடியிருக்கும் வீடு, கோயில், சரக்கு வைக்கும் கட்டடம் போன்றவற்றுக்கு வைத்த தீ. பத்து வருடம் வரை, அல்லது ஆயுள். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் இரண்டும் 326-ஆவது பிரிவுக்குள் வந்துவிட்டன. இந்தப் பையன் மேல் இருந்தது 435. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கூரை வீடு இருந்து அதில் பற்றியிருந்தால் கதையே வேறு.

அந்த அம்மா கேட்ட அடுத்த கேள்வி, ஏழைகள் எல்லாரும் கேட்பது. "மேல போனா தண்டனை இன்னும் ஜாஸ்தி ஆயிடாதா ஐயா?" ஆகாது. தண்டனை பெற்றவர் தானே போடும் மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட அந்த கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. விடுதலை செய்யலாம், மறு விசாரணைக்கு அனுப்பலாம், பிரிவை மாற்றலாம், தண்டனையைக் குறைக்கலாம், அல்லது அப்படியே உறுதி செய்யலாம். தண்டனையைக் கூட்ட வேண்டும் என்றால் அரசு தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும், அல்லது உயர் நீதிமன்றம் தனியாக நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும். இந்தப் பயத்தினாலேயே அப்பீல் போடாமல் சிறைக்குப் போனவர்கள் உண்டு.

பணத்துக்கு என்ன செய்வது? இதை இந்தப் பகுதியில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் 12-ஆவது பிரிவு, யார் யாருக்கு இலவச வக்கீல் என்று பட்டியல் போட்டிருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள். அந்தப் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளி என்று ஒரு வரியும் இருக்கிறது. சிப்காட்டை நம்பி இத்தனை ஆயிரம் பேர் வாழும் கும்மிடிப்பூண்டியில் இந்த ஒரு வரி எத்தனை பேருக்குத் தெரியும்? சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பலாம். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம்.

மறுநாள் காலை அந்த அம்மாவும் மகனும் நானும் திருவள்ளூர் கிளம்பினோம். நம் மாவட்டத்தின் தலைநகர்தான், ஆனால் ரயிலில் போனால் பேசின் பிரிட்ஜ் வரை போய் வண்டி மாறித் திரும்ப வெளியே வர வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுத்தோம். வக்கீல் கிடைத்தார், வக்காலத்தில் கையெழுத்தானது. 30-ஆவது நாளுக்குள் மேல்முறையீடு தாக்கலாகி, தண்டனையை நிறுத்தி வைக்கும் மனுவும் சேர்ந்தது. நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். மேல்முறையீடு இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

அந்தப் பையன் வண்டிக்குத் தீ வைத்தானா? எனக்குத் தெரியாது. முந்தின நாள் கடன் பாக்கிக்காக இட்லிக் கடையில் சண்டை போட்டது உண்மை. அதை அவனே ஒப்புக்கொள்கிறான். தீ வைத்ததை நேரில் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை, ஓடியதைப் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார். மேல் கோர்ட்டில் பொதுவாகப் புதுச் சாட்சி வராது. கீழ் கோர்ட்டில் பதிவானதையே மறுபடி படித்து, அந்தச் சாட்சியத்துக்கு இந்தத் தீர்ப்பு பொருந்துமா என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இப்போது, "தீ வைத்தவனுக்கு எதற்கு அப்பீல்?" என்று நம் வாட்ஸாப் குழுவில் வந்த கேள்விக்கு வருகிறேன். மூன்று வழக்குகளைச் சொல்கிறேன். மூன்றும் நம் தமிழ்நாட்டில் நடந்தவை, மூன்றிலும் தீயில் உயிர்கள் போயின, மூன்றிலும் மேல்முறையீடு வெவ்வேறு திசையில் போனது.

முதலாவது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 1970-இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட், நிலச்சுவான்தார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்து வருடம் தண்டனை கொடுத்தது. 1973-இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. வசதி படைத்த பண்ணையார்கள் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற ரீதியில் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது. இன்றுவரை அது கண்டிக்கப்படுகிறது. 1980-இல் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். மேல்முறையீடு எப்போதும் நியாயத்தில் போய் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். வெண்மணி அப்படிச் சொல்ல விடாது.

இரண்டாவது மதுரை. 2007 மே 9, கருத்துக்கணிப்பு ஒன்று வெளியானதற்காக தினகரன் நாளிதழ் அலுவலகத்தைத் தாக்கித் தீ வைத்தார்கள். அங்கே வேலை செய்த மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். 2009 டிசம்பரில் செஷன்ஸ் கோர்ட் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரையும் விடுதலை செய்தது. அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். மேல்முறையீட்டில், 2019 மார்ச்சில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விடுதலையை ரத்து செய்து ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. செத்தவர்களின் குடும்பத்துக்கும் மேல் கோர்ட்டின் கதவு திறக்கும் என்பதற்கு இது சாட்சி.

மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் கட்சி பேசவில்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் நம் சங்கத்தில் இருக்கிறீர்கள், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதித்துத் தீர்ப்பு வந்த நாள். ஊர் ஊராக மறியல். தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் மறியலில் மாட்டிக்கொண்டது. அந்த பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் வெளியே வர முடியாமல் உள்ளேயே எரிந்து போனார்கள்.

வழக்கு முதலில் கிருஷ்ணகிரியில் தொடங்கியது. சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். இறந்த பெண் ஒருவரின் தந்தை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். உயர் நீதிமன்றம் வழக்கைச் சேலத்துக்கு மாற்றி, புதிதாக முதலிலிருந்து விசாரிக்க உத்தரவிட்டது. 2007 பிப்ரவரியில் சேலம் செஷன்ஸ் கோர்ட் மூவருக்கு மரண தண்டனையும் மற்ற 25 பேருக்குச் சிறையும் விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்தது. 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

அதோடும் முடியவில்லை. மரண தண்டனை வழக்குகளில் மறுஆய்வு மனுவை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில், வக்கீல் வாதத்தைக் கேட்டு விசாரிக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அப்படி விசாரித்து, 2016 மார்ச் 11 அன்று நீதிபதி ரஞ்சன் கோகோய் தலைமையிலான அமர்வு மூவரின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. குற்றம் குற்றம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த மாணவிகளைக் கொல்ல வேண்டும் என்று முன்கூட்டித் திட்டமிட்டு வந்தவர்கள் அல்ல, கூட்டத்தின் வெறியில் நிதானம் இழந்தவர்கள் என்று நீதிமன்றம் பார்த்தது. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய அரசின் முடிவில் அவர்கள் முன்கூட்டியே விடுதலையானார்கள். அது அரசின் தண்டனைக் குறைப்பு, கோர்ட்டின் தீர்ப்பு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதைப் பெற்றோர் எப்படித் தாங்கியிருப்பார்கள் என்பதை உங்கள் மனதுக்கே விடுகிறேன்.

இதை விரிவாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அன்று அவர்களைக் கொதிக்க வைத்த அந்தத் தீர்ப்பு என்ன ஆனது தெரியுமா? ஜெயலலிதா மேல்முறையீடு செய்தார். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை அந்த வழக்கிலிருந்து விடுவித்தது. இரண்டு வருடம் கூட ஆகவில்லை. தீர்ப்பு தவறு என்று நினைத்தவர்களுக்குப் போக ஒரு வழி இருந்தது, அவர்களுடைய தலைவர் அந்த வழியில்தான் போனார். தெருவில் இறங்கியவர்கள் மூன்று பெண்களைக் கொன்றார்கள். பிறகு தங்கள் உயிரைக் காத்துக்கொள்ள அதே வழியில், செஷன்ஸ், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், மறுஆய்வு என்று ஒவ்வொரு படியாக ஏறினார்கள்.

ஒரு தீர்ப்பு சரியில்லை என்று தோன்றினால் போக வேண்டிய இடம் மேல் நீதிமன்றம். முன்னாள் முதல்வருக்கும் அதுதான், நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் மகனுக்கும் அதுதான், வண்டியை இழந்தவருக்கும் அதுதான்.

வண்டிக்காரர் என்றதும், அவரைப் பற்றியும் பேச வேண்டும். நாம் எல்லாரும் பையனைப் பற்றியே பேசுகிறோம். வண்டி, அடுப்பு, பாத்திரம், தார்ப்பாய் எல்லாம் போய், அவர் ஆறு மாதம் வேறொருவர் கடையில் கூலிக்கு மாவாட்டினார். தீர்ப்பில் அவருக்கு இழப்பீடு எதுவும் இல்லை. அவருக்கும் உரிமை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் தானே மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 டிசம்பர் 31 முதல் சட்டத்தில் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தால், சிறிய பிரிவில் மட்டும் தண்டித்தால், இழப்பீடு போதாவிட்டால் அவர் போகலாம். வெண்மணிக் குடும்பங்களுக்கு 1973-இல் இந்த உரிமை கிடையாது, அரசு போனால்தான் உண்டு. போன வாரம் அவரைப் பார்த்து இதைச் சொன்னேன். "அந்தப் பையனுக்கு அலைஞ்ச நீங்களா சொல்றீங்க?" என்று கேட்டார். கோபம் நியாயம்தான். ஆமாம், நானேதான் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக, நம் செயற்குழு முன் இருக்கும் யோசனை. அந்த அம்மாவின் கேட் பாஸை ரத்து செய்ய வேண்டும் என்று சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. குழந்தைகள் இருக்கிற வீடு, பூட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போகிற வீடு. ஆனால் தண்டனை பெற்றவர் அவர் இல்லை. அவர் மேல் எந்த வழக்கும் இல்லை. மகனின் வழக்கும் மேல் கோர்ட்டில் நிலுவையில் இருக்கிறது. மாதச் சம்பளத்தை நாம் நிறுத்தினால், எந்த கோர்ட்டும் விதிக்காத ஒரு தண்டனையை நாம் விதித்ததாக ஆகும். நமக்கு மேல் அவர் அப்பீல் போக ஒரு இடமும் இல்லை.

ஆகவே உங்களிடம் நான்கு கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று, அந்த யோசனையைக் கைவிடுங்கள்.

இரண்டு, பையனின் போட்டோவை வாட்ஸாப்பில் பகிர்வதை நிறுத்துங்கள். மேல்முறையீட்டின் முடிவு எதுவாக இருந்தாலும் அந்தப் போட்டோவைத் திரும்ப எடுக்க முடியாது.

மூன்று, இட்லிக் கடைக்காரருக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு தொகை திரட்டுவோம். அதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை. பல வருடம் நமக்குக் காலை டிபன் கொடுத்தவர், அது போதும்.

நான்கு, கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவோம். காவலாளி, டிரைவர், வீட்டு வேலை செய்பவர்கள், காண்ட்ராக்ட் தொழிலாளிகள் எல்லாரும் நின்று படிக்கிற இடம் அது. அதில் எழுத வேண்டியது கொஞ்சம்தான். தீர்ப்பு வந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜாமீன் கிடைத்தால் வழக்கு முடிந்தது என்று அர்த்தமில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட் என்றால் 30 நாள், செஷன்ஸ் என்றால் 60 நாள். வக்கீலுக்குப் பணம் இல்லாவிட்டால் இலவசச் சட்ட உதவி எண் 15100. அந்தத் தாளை நானே எழுதித் தருகிறேன்.

வாக்கெடுப்பில் உங்கள் மனசாட்சிப்படி கை தூக்குங்கள். 

(பின்குறிப்பு: கேட் பாஸை ரத்து செய்யும் யோசனை வாக்கெடுப்புக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டது. இட்லிக் கடைக்காரருக்கான நிதிக்குப் பங்களிக்க விரும்புவோர் பொருளாளரிடம் ரசீது பெற்றுக்கொண்டு தரலாம். அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டுவிட்டது. மேல்முறையீட்டின் முடிவு வந்ததும், அது எதுவாக இருந்தாலும், மடலில் தெரிவிக்கப்படும்.)